துரையின் பெயர் வெட்டிய கடிகாரம்

சென்ற வாரம் பேத்தியின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் மின்சாரப் பேனாவைக் கிர்ரென்று ஓடவிட்டு, “பேரு இன்னா போடட்டும்?” என்றார். சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. கேள்வியோ என்னைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூரில் வாத்தியாராக இருந்த நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது உடையவர் பெயர். நம் பக்கத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கு வில்லங்கம் வந்ததே அதனால்தான்.

கல்யாணத்தில் மாமனார் எனக்கு ஓர் இங்கிலீஷ் பாக்கெட் கடிகாரம் போட்டார். கடலூரில் ஏலத்தில் எடுத்ததாம். வெள்ளி உறை, நொடிமுள்ளுக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். பின்மூடியைத் திறந்தால் பித்தளைத் தகட்டில் கொடி கொடியாக எழுத்து: எட்மண்ட் ஹார்வில், லண்டன். செய்தவர் பெயர்.

தலை தீபாவளிக்கு மாட்டு வண்டியில் கடலூருக்குக் கிளம்பினோம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டு. என் மனைவி அதற்கும் முந்தைய ஆண்டு என்பாள். கல்யாணப் பத்திரிகை என் கட்சி. பிரெஞ்சு மண் முடிந்து பிரிட்டிஷ் மண் தொடங்கும் இடத்தில் சுங்கச் சாவடி. அங்கிருந்த சேவகர் கடிகாரத்தை வாங்கி, மூடியைத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இது தொரை பேரு. எங்க அடிச்சே?”

நான் பாகூர் வாத்தியார், அது செய்தவர் பெயர் என்று விளக்கினேன். பதற்றத்தில் பாதி பிரெஞ்சில் விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகம் இன்னும் இறுகியது.

“பொருளு இங்க இருக்கட்டும். தொரைய விசாரிச்சிட்டுத் தர்றோம்.”

லண்டன் ஹார்வில்லை என்றைக்கு விசாரித்து முடிப்பது? மாமனார் முதலில் பார்ப்பதே என் சட்டைப் பையைத்தான். மாப்பிள்ளை விற்றுத் தின்றுவிட்டான் என்று நினைத்தால்?

வண்டிக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, அந்த சைக்கிளு யாருது?”

“என்னுதுதான். இன்னாத்துக்கு?”

“முன்னாடி தகட்டுல இங்கிலீஷுல இன்னாமோ வெட்டியிருக்குதே. உங்க பேரா, உங்க நயினா பேரா?”

சேவகர் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர் சும்மா இருக்காமல், “அப்ப அதையும் புடிச்சி உள்ள வெச்சிடுங்க” என்றார்.

சேவகர் கடிகார மூடியைச் சாத்தி என் கையில் வைத்தார்.

“வாத்தியாரே, இவங்களோட எப்பிடிக் குடித்தனம் பண்றீங்க?”

“இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

கடலூரில் மாமனார் வீட்டு வாசலில் இறங்கினோம். மாமனார் கண் நேராக என் பைக்குத்தான் போனது. சங்கிலி தெரிந்ததும், “வாங்க மாப்ளே” என்றார். ஊர் திரும்புமுன் மனைவி கடிகாரத்தைப் பாத்திரக் கடைக்கு அனுப்பி, மூடியின் உட்பக்கம் புள்ளி புள்ளியாக என் பெயரை வெட்ட வைத்தாள்.

பின்னாளில் ஹார்வில்லைப் புத்தகம் புத்தகமாகத் தேடினேன். ஒரு வரிகூட அகப்படவில்லை. அத்தனை துல்லியமாக வேலை செய்த மனிதர், தன்னைப் பற்றி அந்தத் தகட்டில் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சாவடி இருந்த இடத்தில் இன்று பேருந்து வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. கடிகாரம் ஓடுகிறது, இரண்டு பெயர்களோடு. திறந்து காட்டச் சொல்லத்தான் ஆள் இல்லை.