ஒன்பது பத்து

போன மாதம் என் தங்கை புருஷனுக்குத் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே வலது கை மரத்துப்போனது. நாடாவை ஓட்ட இழுக்கும் கயிறு கையிலிருந்து நழுவியது. மணி ஒன்பது பத்து. முள்ளிப்பட்டில் அவர் வீட்டில்தான் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான், கை தூக்க வரல?" என்று என்னிடம் கேட்டார் மாப்பிள்ளை.

"நாள் பூரா கயிறு இழுத்துகினு இருந்தா மரத்துப்போவாதா மாப்ள? எண்ணெய் தேச்சா சரியாப்பூடும்" என்றேன்.

தறிக்காரர் வீட்டில் கை மரத்ததற்கு யார் பயப்படுகிறார்கள்? தங்கை தேய்த்தாள்.

ஒன்றரைக்குச் சோறு வாயின் ஒரு பக்கமாக வழிந்தது. பேச்சு குழறியது. அப்புறம்தான் ஓடினோம். பூத்திலிருந்து போன் போட்டு கார் பிடிக்க முக்கால் மணி; வேலூருக்கு ஒன்றரை மணி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மூன்றே முக்கால்.

"எப்ப ஆரம்பிச்சதுங்க?" டாக்டர் கேட்டார். "மூணு மணி நேரத்துக்குள்ளன்னா மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. தாண்டிட்டா ஆபத்து... மூளைக்குள்ள ரத்தம் கசியும்."

தங்கை என் சட்டையை இழுத்தாள். "ஒரு மணின்னு சொல்லேண்ணா..."

ஒன்பது பத்து என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அடைப்பு உடனே கொல்வது நடுவில் உள்ள செல்களைத்தானாம். சுற்றியிருப்பவை மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாமாகவே சாகின்றன. 'செத்துப்போ' என்று கட்டளையிடும் ஜீன்கள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கின்றனவாம்! அவற்றை அடக்க மருந்து தேடுகிறார்கள். அவற்றின் தடயத்தை ரத்தத்தில் பிடித்துவிட்டால், எவ்வளவு செத்தது, எவ்வளவு மிச்சம் என்று டெஸ்ட்டே சொல்லிவிடும். கூட வந்தவரிடம் மணி கேட்க வேண்டியதில்லை.

"அந்த மருந்து எப்பங்க வரும்?" என்றாள் தங்கை.

"ஆராய்ச்சியில இருக்கும்மா. எலிக்கு வேலை செய்யுது."

"எலிக்குக் கீது... எங்க ஊட்டுக்காரருக்கு இல்லியா?"

டாக்டர் அடுத்த நோயாளியிடம் போனார்.

இப்போது மாப்பிள்ளையிடம் மூன்று சொற்கள் மிச்சம்: தண்ணி, வலி, போ. வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போனது போல.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடனே கிளம்பியிருந்தால் பதினொன்று இருபத்தைந்துக்கு வேலூர். நாற்பத்தைந்து நிமிடம் கையில் இருந்திருக்கும்!

திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போனால் வண்டியைக் கூப்பிடுங்கள். என்னைப் போன்றவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

அன்று காலை நான் சொன்ன வைத்தியத்தைத் தங்கை எப்போதோ மன்னித்துவிட்டாள். டாக்டரிடம் உண்மையைச் சொன்னதற்குத்தான் என்னுடன் பேசுவதில்லை.