காது அண்ணனின் போட்டோ

விசா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பெட்டிக் கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் காது அண்ணன். அவர் காது ஒன்றும் பெரிதில்லை, ஊரில் எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். ஆனால் யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "காது தெரியணும்." கல்யாணமாகி மறுநாளே பறக்கப்போகும் பெண்ணாக இருந்தாலும் சரி, கோட்டும் சூட்டுமாக வந்த முதலாளியாக இருந்தாலும் சரி, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டாமல் அவர் கேமராவைத் தொடமாட்டார்.

விசா போட்டோவுக்கென்று ஒவ்வொரு நாடும் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. ஒன்றுக்குச் சதுரப் படம் வேண்டும், ஒன்றுக்கு நீளப் படம். ஒன்றுக்கு வெள்ளைத் திரை, இன்னொன்றுக்கு வெளிர்ச்சாம்பல். கண்ணாடி கூடாது, நிழல் கூடாது, பல் தெரியக்கூடாது. வெளிநாடு போகிறோம் என்ற சந்தோஷத்தில் வருகிறவனைப் பிடித்து உட்கார வைத்து, சிரிக்காதே என்று சொல்வதுதான் இந்தத் தொழில். இதில் முப்பத்தெட்டு நாட்டுச் சட்டம் காது அண்ணனுக்குத் தலைகீழாகப் பாடம். பத்தொன்பது வருஷத்தில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட அந்த அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மற்ற விஷயங்களில் தலைக்கனத்துக்கு இடமில்லை. வீட்டில் அவர் தனி ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது என்று மனைவி அந்தத் தூர தேசத்துக்குப் போனாள். "மூணே மாசம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றுதான் போனாள். பிறகு ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தது. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். பிறகு மனைவிக்கு அங்கேயே தங்குவதற்கான அட்டை கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது, அவரும் ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்றார். "எனக்கு இங்க கஷ்டமா இருக்கு, வந்துடு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டு வரவழைப்பதில் என்ன பெருமை என்று ஒரு வீம்பு.

வீட்டில் நான்கு தட்டு இருந்தாலும் ஒரே தட்டைத்தான் கழுவிக் கழுவிச் சாப்பிட்டார். சாப்பாடு இறங்காத நாளில் அதையும் எடுப்பதில்லை. பேச்சு என்று வாயைத் திறப்பதெல்லாம் கடையில்தான். "காது தெரியணும், தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க." ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மனைவிக்கு மாதம் ஒரு படம் அனுப்புவார். முகத்தை நேரே பார்க்கிற அழைப்பு மட்டும் வேண்டாம், "போன் கேமரா சரியில்லம்மா" என்று தட்டிக்கழிப்பார். கேமராக்காரனுக்கே கேமரா சரியில்லையா என்று மகள் கேலி செய்வாள், அவரும் சேர்ந்து சிரிப்பார். விஷயம் வேறு. உள்ளே போன கன்னத்தையும் கண்ணுக்குக் கீழே படிந்த கருப்பையும் மனைவி பார்த்துவிடக்கூடாது. படமாக இருந்தால் கம்ப்யூட்டரில் போட்டு, கருப்பை எடுத்து, கன்னத்தை நிரப்பி, கழுத்துச் சுருக்கத்தை நீவி அனுப்பலாம். "நல்லாத்தான் இருக்கீங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி" என்று அவள் பதில் அனுப்புவாள். அதைப் படித்துவிட்டு அவர் கடையைப் பூட்டிக்கொண்டு காலியான வீட்டுக்குப் போவார்.

அப்படி இருக்கையில்தான் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மாவின் வயிற்றில் கட்டி, பதினெட்டாம் தேதி ஆபரேஷன். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், ஆனால் சர்க்கரை இருப்பதால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்.

"நான் வர்றேன்மா," என்றார்.

போன் கை மாறி மனைவி பேசினாள். "நீங்க எதுக்கு அலையறீங்க? இங்க எல்லாம் இவங்களே பாத்துக்குவாங்க. நீங்க நல்லா இருக்கீங்கல்ல, அது போதும் எனக்கு. கடையைப் பாருங்க."

"கடை கிடக்கட்டும்," என்றார். முப்பது வருஷ இல்லற வாழ்க்கையில் கடையைக் கிடக்கட்டும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினெட்டாம் தேதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வெளியே பெஞ்சில் தான் இருக்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். விண்ணப்பம் எழுதினார், சான்றிதழ்களைச் சேர்த்தார். போட்டோ ஒன்றுதான் பாக்கி. அதற்கென்ன, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவார்களா என்று நினைத்தார்.

அங்கேதான் சங்கடம். ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவரைப் படம் எடுக்க ஆளில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, பத்து நொடி கெடு வைத்துவிட்டு, ஓடிப்போய் நாற்காலியில் உட்கார வேண்டும். மாதாமாதம் அனுப்பும் படத்துக்கு எப்படி உட்கார்ந்தாலும் போதும், விசாவுக்கு அது ஆகாது. முதல் படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் ஒரு தோள் ஏறியிருந்தது. ஏழாவதில் அவரே இல்லை, நாற்காலி மட்டும் படத்தில் ஜம்மென்று இருந்தது. "காது தெரியணும்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். இருபத்து மூன்றாவது தேறியது. உடனே கம்ப்யூட்டரில் போட்டு அளவெடுத்து, அச்சடித்து, ஒட்டி, இரண்டாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் தேதி விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: படம் திருத்தப்பட்டுள்ளது, பாஸ்போர்ட்டில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். படத்தில் மச்சம் இல்லை. கண் கருப்பு இல்லை. கன்னம் உப்பியிருக்கிறது. மூன்று வருஷமாக மாதாமாதம் செய்த வேலையைக் கை அவரைக் கேட்காமலேயே செய்து முடித்திருக்கிறது. மச்சத்தைக் கன்னத்து நிழலோடு சேர்த்துத் துடைத்ததுகூட அவருக்கு நினைவில்லை. வாடிக்கையாளர் படத்தில் ஒரு பருவைக்கூடத் தொடமாட்டார், சட்டம் தெரிந்த மனிதர். தன் முகம் என்று வரும்போதுதான் இந்தப் புத்தி.

மறுபடி எடுத்தார். முப்பதுக்கு மேல் போயிற்று. ஒன்று தேறியதும் அளவை மட்டும் பார்த்து அச்சடிப்போம் என்று உட்கார்ந்தார். பெட்டிக் கடைக்காரர் வந்து சில்லறை கேட்டார், கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இடது கண்ணுக்குக் கீழே பாதிக் கருப்பைக் காணோம். அவருக்கே பயம் வந்துவிட்டது. எலியைப் பிடித்த பூனை மாதிரி மவுஸைப் பிடித்திருந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எதிர்ச்சாரியில் இன்னொரு போட்டோக் கடை. அதை நடத்துகிற அம்மாளோடு அவருக்கு எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் 'ஐந்து நிமிடத்தில் போட்டோ' என்று பலகை மாட்டினாள், இவர் 'மூன்று நிமிடத்தில்' என்று மாட்டினார், அவள் 'உடனே' என்று மாட்டினாள். அதற்கு மேல் எழுத வார்த்தை இல்லாமல் பகை அப்படியே நின்றுவிட்டது. பத்தாம் தேதி காலையில் காது அண்ணன் தெருவைக் கடந்து அந்தக் கடைக்குள் நுழைந்தார்.

"ஒரு விசா போட்டோ எடுக்கணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பத்து பதில் வாயில் வந்திருக்கும், அத்தனையையும் விழுங்கிவிட்டாள். "உக்காருங்கண்ணா," என்றாள். "கண்ணாடியைக் கழட்டிடுங்க."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் இன்னொருவர் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது போலிருக்கிறது. அவள் வந்து, இரண்டு விரலால் அவர் தாடையைப் பிடித்து, மெல்ல நேராக்கினாள். எல்லாருக்கும் செய்வதுதான், அவரே ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்வதுதான். ஆனால் அவர் முகத்தை இன்னொரு மனிதக் கை தொட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. முடிகூட அவரே வெட்டிக்கொள்கிறவர். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. எவ்வளவு தனியாக இருந்திருக்கிறோம் என்று அந்த நாற்காலியில்தான் அவருக்குத் தெரிந்தது.

அவள் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அழுத்தவில்லை.

"கண்ணு கலங்கியிருந்தா திருப்பி அனுப்பிடுவாங்கண்ணா," என்றாள்.

"தெரியும்."

"அவசரம் இல்ல. ஆகட்டும்."

வெளியே 'உடனே' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கால் மணி நேரம் காத்திருந்தாள். இரண்டு வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொன்னாள். பிறகு எடுத்தாள், எதையும் தொடாமல் அச்சடித்துக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தவருக்கு யாரோ நோயாளியின் படம் போலிருந்தது. மச்சம் மட்டும்தான் அவருக்குப் பழகிய மச்சம்.

இப்போதெல்லாம் விசாவுக்குப் படத்தை இணையத்திலும் ஏற்ற வேண்டும், அந்த வேலையை மகள் பார்த்தாள். அவளுக்கு அனுப்பினார். அனுப்பும்போது, "இதை அம்மாகிட்ட காட்ட வேண்டாம்" என்று எழுதினார். மகள் "சரிப்பா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி விண்ணப்பம் கொடுக்கப் பன்னிரண்டாம் தேதிதான் நாள் கிடைத்தது. விசா கைக்கு வர அதிலிருந்து பத்து நாள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும். "எங்களால முந்திக் குடுக்க முடியாதுண்ணா," என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான். இருபத்திரண்டுக்கு முன்னால் விசா இல்லை. தலைகீழாக நின்றாலும் பதினெட்டாம் தேதி அந்தப் பெஞ்சில் அவர் இருக்கப்போவதில்லை.

பதினெட்டாம் தேதி கடையைத் திறந்தார். வீட்டில் இருந்து என்ன செய்வது? காது தெரியணும், தோளை இறக்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போனை மட்டும் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நான்கு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "முடிஞ்சுதுப்பா. நல்லபடியா முடிஞ்சுது." அவர் "சரிம்மா, சரிம்மா" என்று நான்கு தடவை சொன்னார். சொல்லிவிட்டு வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் மனைவியே கூப்பிட்டாள். குரல் காற்றாக வந்தது.

"உங்க விசா போட்டோவைப் பார்த்தேன்."

அவர் கேமராவை விட்டு நகர்ந்தார்.

"அவளைத் திட்டாதீங்க. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க படம் ஒண்ணு காட்டுடின்னு நான்தான் கேட்டேன். போன்ல முதல்ல அதுதான் இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "அப்ப மாசாமாசம் எனக்கு அனுப்புனதெல்லாம்?"

"கொஞ்சம் சரி பண்ணது," என்றார்.

"எதுக்கு?"

"நீ கவலைப்படக்கூடாதுன்னுதான்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு வண்டி உருண்டு போவது கேட்டது.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுத்தானே நான் இங்கயே இருந்துட்டேன்," என்றாள். "ஒரு படத்தை அப்படியே அனுப்பியிருந்தா அன்னைக்கே கிளம்பி வந்திருப்பேனே."

காது அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"கேமராவைப் போடுங்க," என்றாள் மனைவி. "எனக்கு உங்களைப் பாக்கணும்."

மூன்று வருஷம் சரியில்லாமல் கிடந்த கேமரா. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தைத் தேடிக் கடைக்குள் இரண்டு அடி நகர்ந்தார்.

"லைட்டைத் தேடாதீங்க," என்றாள். "நிக்கிற இடத்துலயே போடுங்க."