கீழ்வரிசை நான்கு பற்கள்

வேர்க்கடலைச் சிக்கியைக் கடித்தபோதுதான் முதலில் தெரிந்தது. பல் உடையவில்லை, வலிக்கவும் இல்லை. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆடியது. நாக்கால் தள்ளினால் முன்னே போனது, உதட்டால் அழுத்தினால் பின்னே வந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கிற காரியம் முப்பத்தெட்டு வயதில் எனக்கு நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் தாபோடியில், ஒரு அறையும் சமையல்கட்டுமான வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அத்தான் போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டினார். நான் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். 'ட்ரீ' வேறு, 'த்ரீ' வேறு என்று நாக்கைப் பல்லில் வைத்துக் காட்டித்தான் நான் சம்பளம் வாங்கினேன். முன்பல் போனால் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான் என் முதல் பயம்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது பல வருஷமாகவே உண்டு. சூடு என்று நினைத்து மோரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி வந்தால் மோர் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்த கையோடு டாக்டரிடமும் போங்கள். அந்தக் கட்டத்தில் இது சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் என்கிற சீட்டுப் போடுகிற காசோடு முடிகிற விஷயம்.

முதலில் ஔந்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வந்திருப்பது பெரியோடான்டைட்டிஸ் (ஈறும், பல்லைத் தாங்கும் எலும்பும் மெல்லக் கரைந்துபோகும் நோய்). கடைவாயில் இரண்டு பற்களை எடுத்தே ஆக வேண்டும். முன்பற்களுக்கு ஃப்ளாப் சர்ஜரி (ஈற்றைக் கீறித் திறந்து, வேரைச் சுத்தம் செய்து திரும்பத் தைப்பது) செய்து பார்க்கலாம் என்றார். பிறகு செலவைச் சொன்னார். சாங்வியில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முன்பணமாக நாங்கள் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அதற்குள் போய்விடும்.

"வாய்க்குள்ள வீடு கட்டப் பாக்காரு," என்றேன் படியிறங்கும்போது. அத்தான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பல் பிடுங்கக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. பெஞ்சில் அரைநாள் காத்திருந்தோம். பார்த்த டாக்டர் சின்னப் பெண். கை அவ்வளவு பதமான கை. ஈறு ஆபரேஷன் இங்கேயும் உண்டு, ஆனால் முறை வர மாதக்கணக்காகும், அதுவரை பல் தாங்காது என்று இந்தியில் என்னிடம் சொன்னார். நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டிக்கொள்வோம், வீடாவது மிஞ்சும்.

கடைவாய்ப் பல் இரண்டையும் அன்றைக்கே எடுத்தாயிற்று. வாயில் பஞ்சோடு நான் நாற்காலியில் இருக்க, டாக்டர் வாசலுக்குப் போய் அத்தானிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். உள்ளே வந்த அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. பிரைவேட்லயே பாத்துருவோம்."

ஏன் என்று நான் கேட்கக் கேட்க, அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். மறுநாளே பாஸ்புக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடு வாங்குகிற காசை வாயில் போடுகிற மனுஷன் உண்டா என்று கத்தினேன்.

"நீ வாயை மூடு," என்றார்.

"டாக்டர் தொறக்கச் சொல்லுதாரு, நீங்க மூடச் சொல்லுதீங்க. யார் பேச்சைக் கேக்க?"

அந்தக் குளிர்காலம் முழுக்க சிகிச்சை நடந்தது. மரத்துப்போக ஊசி, கீறல், தையல். மேலே இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு, அது மாவு உருண்டை மாதிரி ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் கீழ்வரிசை முன்பற்கள் நாலுக்கும் ஸ்ப்ளின்ட் (ஆடும் பற்களைப் பின்பக்கம் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டுவது). அத்தான் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கூட வந்தார். இட்லியை ரசத்தில் கரைத்து ஆறவைத்துக் கொடுத்தார். படுக்கும்போது என் தாடைக்குக் கீழே, கழுத்தோரமாக, விரலால் மெதுவாகத் தடவுவார். இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்குப் பிரியம் பொங்குகிறதே என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. கோபமும் மெல்லக் குறைந்தது.

தையல் பிரித்துச் சில நாள் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு மாவ்ஷி, எங்களை எப்போதும் விசாரிக்கிற மராத்திக்கார அம்மாள், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தார். அதற்குள் தண்ணீரில் அவர் கணவரின் புதுப் பல்செட். "யான்ச்சி நவீ கவளி," என்று பெருமையாகக் காட்டினார்.

"இதுக்குப் பேரு என்ன?" என்று அத்தான் இந்தியில் கேட்டார்.

"கவளி."

அத்தான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மாவ்ஷி போனபிறகுதான் வாயைத் திறந்தார். அன்றைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் சொன்னது, "கவளி பஸவாவீ லாகேல்." பல்செட் பொருத்த வேண்டிவரும் என்று அர்த்தம்.

"நான் கவலைன்னுல்லா கேட்டேன்," என்றார். "கன்டோன்மென்ட்ல நம்மாளுங்க நெறைய பேரு உண்டே, அவங்ககிட்ட கத்துருப்பான்னு பட்டுச்சு. நமக்குப் புரியட்டும்னு தமிழ் வார்த்தையைப் போட்டுச் சொல்லுதான்னு நெனச்சேன். கேன்சர்னு சொல்ல மனசு வராம கவலைப்பட வேண்டியிருக்கும்னு சொல்லுதா போலன்னு... ஔந்து டாக்டர்ட்ட கேக்கவும் பயம், ஆமான்னுட்டா?"

தாடையைத் தடவியதெல்லாம் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான். அத்தனை மாதமும் அதை ஒற்றை ஆளாக மனதில் சுமந்துகொண்டு இட்லி கரைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடே அழுகையும் வந்தது.

"பல்செட்டுன்னு தெரிஞ்சிருந்தா காசைக் கட்டியிருப்பீங்களா?"

"தெரியல," என்றார். "ஆனா நீ இருக்க. போதும்ட்டி."

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நீதி எதுவும் இதில் இல்லை. அந்தச் சின்ன டாக்டர் எங்கள் வசதிக்குச் சரியானதைத்தான் சொன்னார். காசு கட்டியதால் பல் நின்றது. காசு இல்லாதவர் பல்லும் நிற்க வேண்டியதுதானே என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். சாங்வி வீடு கிடைக்கவே இல்லை. வாடகை வீட்டிலேயே இருக்கிறோம்.

வருஷம் பல போய்விட்டது. முன்பெல்லாம் எனக்கு வருஷம் பள்ளி திறக்கும் ஜூனில் ஆரம்பிக்கும். இப்போது பல் சுத்தம் செய்த நாளிலிருந்து அடுத்த சுத்தம் வரைக்கும்தான் என் கணக்கு. மெதுவாக மெல்லுகிறேன், மெல்லும்போது மெல்லுகிறேன் என்பது தெரிகிறது. மேல்வரிசையில் கடைவாய்ப்பற்கள் ஒவ்வொன்றாகப் போய், எனக்கும் ஒரு கவளி வந்துவிட்டது.

"கவலையக் கழட்டித் தண்ணியில போட்டுட்டுப் படு," என்கிறார் அத்தான் தினமும்.

கழற்றிப் போடுகிறேன். நாக்கு தானாகக் கீழே போய், கம்பி கட்டிய அந்த நாலையும் தொட்டுப் பார்க்கிறது. அத்தான் இன்றைக்கும் என் தாடைக்குக் கீழே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.