மேலே மூடிய படகு

சூசை போய்விட்டான். இன்று விடிய, பேசாலையில், நித்திரையிலேயே... அவனுடைய மச்சான் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்.

இரண்டு வருடம் ஒரே மேசை. சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கிய காலம். அவனுடைய ஊரில் ஒரு சின்ன ஃபைபர் படகுப் பட்டறையில் நானும் அவனும் கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆட்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு படகின் ஸ்கேன் ஃபைல் வந்தது. வெறும் மெஷ். ஆயிரக்கணக்கான முக்கோணத் துண்டுகள் ஒட்டிய தோல், உள்ளே ஒன்றுமில்லை.

எங்கள் ஆட்களின் எஞ்சினுக்கு ஏற்றபடி பின்பக்கத்தை அகட்ட வேண்டும். மெஷ்ஷில் ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலை கிழியும். சொலிட், அதாவது உள்ளே நிறைந்த முழுக்கட்டி, ஆக்கினால்தான் கை வைக்கலாம்.

சொலிட் ஆவதற்கு எங்கும் ஓட்டை இருக்கக் கூடாது. படகோ மேலே முழுக்கத் திறப்பு. அதனால் ஒரு மூடி போட்டு அடைத்து, சொலிட் ஆக்கி, பிறகு உள்ளே குடைந்து எடுப்போம்.

குடைகிற வரைக்கும் ஸ்க்ரீனில் நிற்பது படகு மாதிரியே இருக்காது... கடலுக்கு அடியில் போகிற ஏதோ ஒன்று மாதிரி இருக்கும்.

ஆமி கண்டால் இயக்கத்துக்குச் செய்கிறது என்றுதான் நினைக்கும் என்று சூசைக்குப் பயம். "மூடினபடி விட்டிட்டு எழும்பாதையும். குடைஞ்சு முடிச்சிட்டுத் தேத்தண்ணிக்குப் போம்" என்பான்.

நான் சிரிப்பேன். சரியான பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணுவேன்.

அந்தக் கிழமை ஊரே ஒரு மாதிரி. கடலுக்குப் போகத் தடை. பக்கத்து ஒழுங்கையில் ஆமிக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மூடி பொருந்தவே இல்லை. நாலு தரம் போட்டேன். ஐந்தாம் தரம் சொலிட் ஆனது. அந்தச் சந்தோசத்தில் அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன்...

கேத்தல் கொதிக்க முதலே வாசலில் சப்பாத்துச் சத்தம். ஆமியின் சுற்றிவளைப்பு.

அவர்களுடைய பெரியவர் ஸ்க்ரீனையே கனநேரம் பார்த்தார். "இது யாரு செஞ்சது?"

நான் கேத்தல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் கீறினனான் சேர்" என்றான் சூசை. "மீன்பிடி வள்ளம். இன்னும் குடையேல்லை. பத்து நிமிசம் தாங்கோ, திறந்து காட்டுறன்."

பத்து நிமிடம் கொடுக்கவில்லை.

ஏழு மாதம். திரும்பி வந்தபோது வலது கையால் மௌஸ் பிடிக்க முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். என் அடையாள அட்டையில் விலாசம் உயிலங்குளம், சண்டை நடக்கிற பக்கம். "உம்மைக் கொண்டு போயிருந்தா பிறகு தேடவும் ஏலாது. எனக்கெண்டா இஞ்ச சனம் இருக்கு" என்றான். அதோடு அந்தக் கதையை எடுக்கவில்லை.

நானும் எடுக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம் கெட்டவன் நான்.

வாட்ஸ்அப்பில் சற்று முன் அவனுடைய மகள் எழுதியிருக்கிறாள்: "அப்பா ஒரு படம் கீறினதுக்கு ஏழு மாசம் உள்ளுக்கு இருந்தவர். தன்ட பிழைதான் எண்டு கடைசிவரைக்கும் சொல்லுவார்."

மகள்... அப்பா அதைக் கீறவில்லை. மூடி போட்டதும் நான், அப்படியே விட்டு எழும்பியதும் நான்.

போயிட்டு வாரும் சூசை. நாளைக்கு அடக்கத்துக்கு வாறன். பிள்ளைக்கு நேரிலயும் சொல்லுறன்.