செல்வராசு என்று கூப்பிட்டதும் திரும்பியவர்

காலை ஐந்தரைக்குப் போடியிலிருந்து ஜீப்பு கிளம்பியது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நெருக்கியடித்திருந்தார்கள். எனக்கு டிரைவர் காசி அண்ணன் பக்கத்தில் அரை இருக்கை. நூறு ரூபாயை நீட்டினால் வாங்க மாட்டேன் என்றார்.

"ஒங்க அண்ணே கெடைக்கட்டும் சார். பிரியாணி வாங்கிக் குடுங்க."

போன வாரம் போனில் சேதி சொன்னவரும் இவர்தான். போடிமெட்டுக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்தில் செல்வராசு என்று ஒருவர் இருக்கிறார், சிலோன்காரர், அங்கே சண்டையில் இருந்தவர் என்று. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

செல்வராசு என் அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பின்னால் வருகிறேன் என்று தங்கிவிட்ட அண்ணன், அங்கே உள்நாட்டுப் போரில் ஒரு தொண்டர் காலாட்படையில் சேர்ந்தான். சம்பளம் கிடையாது, சீருடையும் பாதிப் பேருக்குத்தான். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள். அந்தப் படையின் வரலாற்றை எழுதுகிறேன் என்று ஊரூராய் அலைந்து, உயிரோடிருப்பவர்களைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், தேடுவது அண்ணனைத்தான்.

போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலையில் இருக்கும் அம்மா இன்றுவரை அவனுக்குத் திதி கொடுத்ததில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கானா இல்லையா, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாடா. எனக்கு நடுவுல நிக்க முடியல." இடது காதுக்குக் கீழே தீத்தழும்பு இருக்கும், அதுதான் அடையாளம் என்றாள்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். பனியில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்த பெண்கள் மொத்தமாக என் முதுகில் சாய்ந்தார்கள்.

"யாரப் பாக்கப் போறீக?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"அண்ணன" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

ஏழு மணிக்குப் போடிமெட்டு. போடியிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். பதினைந்து ரூபாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் மண்பாதை. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலிலேயே காசி அண்ணன் நின்றுவிட்டார்.

உள்ளே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். காதை மூடித் துண்டு கட்டியிருந்தார்.

"செல்வராசு" என்றேன்.

சட்டென்று திரும்பினார்.

"யாரு அனுப்புனது?"

"சிலமலையிலருந்து வர்றேன். காளியம்மா மகன்."

கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. என்னையே பார்த்தபடி துண்டை அவிழ்த்தார். இடது காதுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அப்ப நீ யாருய்யா?" என்று கத்திவிட்டேன். அத்தனை ஆத்திரம்.

அவர் தரையில் உட்கார்ந்துதான் பேசினார். அந்தப் படையில் இரண்டிரண்டு பேராகத்தான் பதுங்குகுழிக்குப் போவார்களாம். ஜோடியில் ஒருவன் விழுந்தால், காலையில் பெயர் கூப்பிடும்போது மற்றவன் அவன் பெயருக்குக் குரல் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து அதுதான் அவனுக்கும் பெயர். செத்தவன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்ன பிறகே சொந்தப் பெயரைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை பேரிடம் பேசியும் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு மறக்க வேண்டியிருந்தது. திரும்பாதவர்கள் என்னிடம் பேசவே வரவில்லை.

"அண்ணே எங்க?"

"அந்தக் குழியிலயே. மண்ணத் தள்ளி மூடுனது நாந்தான்."

அழுதேன். அவர் எழுந்து அடுப்பில் விறகு வைத்துவிட்டு வந்தார். சூடு இறங்கினால் காய் கெட்டுவிடுமே.

"சொல்ல ஏன் வரல?"

"வந்தேன் தம்பி. ஒங்க வீட்டு முக்கு வரைக்கும் வந்தேன். அம்மா யார்கிட்டயோ பேசிச் சிரிச்சிட்டு இருந்தாங்க. அதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? திரும்பிட்டேன்." வெளியே கூட்டிப்போய்ச் சரிவின் விளிம்பில் நிறுத்தினார். பனி விலகி, கீழே சமவெளி கிடந்தது. "அந்தா, சிலமலை. அதுக்காகத்தான் இந்தத் தோட்டத்துல சோலிக்குச் சேந்தேன்."

"எங்கிட்டச் சொன்னது செல்லாது. அம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

மத்தியானம் காசி அண்ணனின் ஜீப்பில் மலையிறங்கினோம். பிரியாணிப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நாலு மணிக்குச் சிலமலை. அம்மா வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்ததும் அவருடைய இடது காதைத்தான் பார்த்தாள். பிறகு கடலை முறத்தைத் தள்ளி வைத்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்மா சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒம் பேரு என்னப்பா?"

"தங்கவேலு."

"ஒன்னயப் பெத்தவ இருக்காளா?"

"தெரியலம்மா. பேர விட்ட அன்னைக்கே எம் பேருக்குக் குரல் கொடுக்க ஆளில்ல. நான் செத்துட்டேன்னு ஊருக்குச் சேதி போயிருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "போன எடுடா. மொதல்ல இவன் ஆத்தா எங்க இருக்கான்னு கேளு. ஒங்க அண்ணனுக்குச் செய்யறத நாளைக்குச் செய்வோம்."