உண்ணாமலை எழுதிய நாலு வரி

“இருங்க, கைய எடுங்க. இன்னும் ஏழு பக்கம் கெடக்குது” என்று சொல்லி மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் உண்ணாமலை. கம்ப்யூட்டரில் ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தின் ‘பிரைவசி பாலிசி’ என்ற அந்தரங்கக் கொள்கை திறந்திருக்கிறது. எள்ளைக் கொட்டினாற்போலப் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. திரையின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலைக் கிடையாக வைத்து, ஒரு வரியைப் படித்து முடித்ததும் ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குகிறார். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் தெள்ளாரிலிருந்து வந்த சின்னப்பையன் என்பவர், நர்சிங் முடித்த மகளின் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு நெளிகிறார்.

“ஜல்தியா முடிங்கம்மா. வந்தவாசி பஸ்ஸு பூடும்.”

“பஸ்ஸு பூட்டா இன்னொண்ணு வரும். ஒங்க பொண்ணு நம்பரு வெளிய பூட்டா திரும்பி வராது. கேளுங்க. ‘ஒங்க விவரத்த எங்க கூட்டாளிங்களுக்குக் குடுப்போம்’னு போட்டுகீறான்.”

“யாரு கூட்டாளி?”

“அத்தப் போடல.”

சின்னப்பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, மிச்சத்தையும் படிங்க” என்கிறார். உண்ணாமலையின் முகத்தில் அப்போது தோன்றுவதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஸ்கேல் மறுபடி இறங்கத் தொடங்குகிறது.

ஆரணிக் கோட்டைக்கு எதிரே, ஜெராக்ஸ், டைப்பிங், இன்டர்நெட் என்று மூன்று நிறத்தில் எழுதிய எட்டடிக் கடை அவருடையது. இரண்டு கடை தள்ளி இன்னொரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அங்கே எந்தப் படிவமும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே முக்கால் மணி நேரம் ஆகும். படித்துச் சொல்வதற்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை. ஆனாலும் பாதிப் பேர் பொறுமை இழந்து எழுந்து போய்விடுகிறார்கள். “போவட்டும். அங்க போயி தலைய குடுக்கட்டும்” என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொல்வார். மாலையில் அவர்களில் யாராவது பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று நிறுத்தி வைத்து விசாரிப்பார்.

வயது முப்பத்தேழு. பி.காம். கணவர் முத்துவேல் செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ரீசார்ஜ் செய்ய வருபவர்களிடம் உண்ணாமலை எண்ணைக் கேட்பதில்லை. தன் கைபேசியை அவர்கள் பக்கம் திருப்பி, “நீங்களே அடிங்க” என்பார். அவர்கள் அடிக்கும்போது கோட்டை மதிலைப் பார்ப்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவருக்கு வியர்த்துவிடும்.

இந்தக் கடைக்கு முன்பு பதினோரு வருடம் அவர் கமலக்கண்ணனின் பட்டுக் கடையில் எழுத்து வேலை பார்த்தார். பில் போடுவது, கடிதம் அடிப்பது, போனை எடுப்பது எல்லாம் அவர்தான். கமலக்கண்ணன் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். நெசவாளர் வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். உண்ணாமலையின் பிரசவத்தின்போது நடு மழையில் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

“ஆளு கெட்டவன்னா நான் இவ்ளோ கொதிக்க மாட்டேங்க” என்கிறார் உண்ணாமலை, எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் என்னிடம்.

இரண்டாயிரத்து ஆறில் அந்தக் கடைக்கு இணையதளம் வந்தது. கல்யாணப் பட்டுக்கு வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். பெண்ணின் பெயர், போன் நம்பர், முகூர்த்த நாள் மூன்றையும் நிரப்ப வேண்டும். சேலை என்றைக்குத் தேவை என்று தெரிந்தால்தானே தறியில் ஏற்றுவதற்கு நாள் குறிக்க முடியும்? தளத்தைச் செய்து கொடுத்த வேலூர்க்காரர் ஜெயவேல், அந்தரங்கக் கொள்கை என்று ஒன்பது பக்கத்தை எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். ஆரணிப் பட்டுக் கடையில் தகராறு வந்தால் வழக்கைக் கலிபோர்னியாவில்தான் நடத்த வேண்டும் என்று அதில் இருந்தது.

உண்ணாமலை அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைப் படித்தார். பிறகு முதலாளியிடம் போய்க் கேட்டார்.

“மொதலாளி, இதுல பார்ட்னருங்களுக்குக் குடுப்போம்னு இருக்குது. நமக்கு பார்ட்னரு யாருங்க?”

கமலக்கண்ணன் சிரித்தார். “நமக்கு ஏதும்மா பார்ட்னரு? அது ஒரு வழக்கத்துக்குப் போடறது. நம்ம ஜனங்க இங்கிலீஷ எங்க படிக்கப் போறாங்க? நீ தமிழ்ல நல்லதா நாலு வரி எழுதி மேல போட்ரு.”

உண்ணாமலை எழுதினார். இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார். “உங்கள் வீட்டுக் கல்யாணச் செய்தி எங்களிடம் பத்திரமாக இருக்கும். பெயர், தொலைபேசி எண், முகூர்த்த நாள் ஆகியவற்றைச் சேலை நெய்து அனுப்புவதற்கு மட்டுமே பயன்படுத்துவோம். வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம். சேலை உங்கள் கைக்கு வந்த மூன்றாம் மாதம் அழித்துவிடுவோம்.” இதற்குக் கீழே அந்த ஆங்கிலப் பக்கங்கள் அப்படியே இருந்தன. அதற்கும் கீழே, சம்மதம் என்று டிக் போடுவதற்கு ஒரு சின்னக் கட்டம்.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. ஒரு பெண் பேசினாள். வணக்கம் சொல்லவில்லை. அந்த நாலு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“இத எழுதுனது யாருங்க?”

“நான்தாங்க எழுதுனேன். ஏங்க?”

“இன்னிக்குக் காலைல ஒருத்தர் கூப்ட்டு, தொட்டில் வேணுமான்னு கேக்கறாரு.”

அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மார்கழியில், முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை சாலை விபத்தில் இறந்துபோனார். அப்போதே போன்கள் வந்துகொண்டிருந்தன. மண்டபம் வேண்டுமா, வீடியோ வேண்டுமா, சமையல்காரர் வேண்டுமா. காரியம் நடந்த பதினாறாம் நாள் தேனிலவுக்கு ஊட்டியில் அறை வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பிறகு புது வீட்டுக்குக் கடன், புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்துக் காப்பீடு. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பத்து மாதத்தை யாரோ எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எண்ணி முடித்ததும் தொட்டில் வந்துவிட்டது.

விவரம் இந்தக் கடையிலிருந்துதான் போயிற்று என்று எப்படித் தெரியும் என்று உண்ணாமலை கேட்டிருக்கிறார். முன்பதிவுப் படிவத்தில் அவசரத்தில் தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாளாம் அந்தப் பெண். வேறெங்கும் அப்படி எழுதியதில்லை. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அந்த எழுத்தை விட்டேதான் கூப்பிட்டார்களாம்.

“அவ அழுவலைங்க” என்கிறார் உண்ணாமலை. “அழுதிருந்தா மன்னிச்சுக்கம்மான்னு சொல்லியிருப்பேன். அவ பாட்டுக்கு ஒண்ணொண்ணா சொல்லிகினே வந்தா. நான் போன வெச்சுட்டு நேரா மொதலாளி ரூமுக்குப் போனேன்.”

கமலக்கண்ணன் மறைக்கவில்லை. மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் அவருக்கு இருந்தது. சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி வந்து காசுக்குக் கேட்டது, மாதா மாதம் புதுப் பட்டியல் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

“யாருக்கும்மா நஷ்டம்? சேலை ஒழுங்கா போச்சா இல்லியா?”

“எவுருக்கும் குடுக்க மாட்டோம்னு எழுதிகீது மொதலாளி.”

“கீழ இங்கிலீஷ்ல இன்னா இருக்குது? குடுப்போம்னுதானே இருக்குது? ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா இங்கிலீஷ்தான் செல்லும்னு கடைசி வரில போட்டுக்குது, பாரு. ஜெயவேலு எனக்குக் காமிச்சான். படிச்சுட்டுத்தானே டிக் போட்டாங்க?”

“அவங்க படிச்சது என் நாலு வரிய.”

“ஒனக்கு உறுத்துச்சுன்னா அந்த நாலு வரிய எடுத்துடு” என்றார் கமலக்கண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார். அந்தச் சமாதானக் குரலைப் பற்றிச் சொல்லும்போது உண்ணாமலையின் வார்த்தைகளுக்கு இடையே இடைவெளி விழத் தொடங்குகிறது. “எடுக்க... வேண்டியது... அதையா?”

மறுநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போனதும், இரண்டு வருட முன்பதிவுகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, கடைப் போனிலிருந்தே ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட ஆரம்பித்தார். மொத்தம் முந்நூற்றுப் பதினாறு வீடு. “நான் ஆரணி பட்டுக் கடையிலேர்ந்து பேசறேங்க” என்று தொடங்குவார். பெரும்பாலானவர்கள் அங்கேயே, “ஒண்ணும் வேணாம்மா” என்று வைத்துவிட்டார்கள். விற்பதற்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். வேறென்ன நினைப்பார்கள்? அவர்களை அப்படிப் பழக்கிய பட்டியலை அல்லவா அவர் கையில் வைத்திருந்தார்? கேட்டவர்களிலும் ஒருவர் அவரையே திட்டினார். ஒருவர், “எல்லாருந்தான் விக்கிறான், வுடும்மா” என்றார். தேசூரில் ஒரு பெரியவர் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, “வெளிய போனத திருப்பி வாங்கிட முடியாதா?” என்றார். முடியாதுங்க என்று சொல்ல வேண்டியிருந்தது.

நான்காம் நாள் கமலக்கண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். யாரோ போன் செய்து கேட்டிருக்கிறார்கள்.

“சோறு போட்ட கடைய ஊரெல்லாம் கூப்ட்டு நாறடிச்சுகினு கீறியே, நீயெல்லாம் மனுசியா?”

“இன்னும் நூத்தி பத்து வீடு இருக்குது மொதலாளி. அத்த முடிச்சுட்டு போயிடறேன்.”

போன் ஒயரைப் பிடுங்கினார். பதினோரு வருடம் அந்த மூன்று நிமிடத்தில் முடிந்தது. முத்துவேல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் விஷயம் கேட்டு, “இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நீயா வித்த?” என்றார். உண்ணாமலை விற்கவில்லைதான். ஆனால் பூட்டு என்று சொல்லி வெறும் சங்கிலியைத் தொங்கவிட்டது தன் கைதானே என்பது அவர் எண்ணம்.

போன் செய்த அந்தப் பெண்ணின் அப்பாவும் உண்ணாமலையும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் முழுவதையும் கேட்டுவிட்டுக் கேட்டார். “சேலைல குறை ஏதாச்சும் இருக்குதா?”

“இல்லீங்க.”

“சொன்ன தேதிக்கு வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“அப்ப எத வெச்சு கேஸ் போடறது? நுகர்வோருக்குக் குறை இல்லியே. போன் நம்பருக்கெல்லாம் கோர்ட்ல என்னன்னு கேக்கறது?” அந்த அப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பை மாட்டத் தெரியாமல் வெகுநேரம் நின்றார் என்கிறார் உண்ணாமலை.

கடையின் இணையதளத்துக்கான கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. அன்றைக்கே உண்ணாமலை பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்து, தன் நாலு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தார். “மேலே உள்ள நான்கு வரிகளும் பொய். எழுதியவள் நான். உண்ணாமலை.”

ஒரு வாரத்தில் ஊரே பேசும், முதலாளி போலீசுக்குப் போவார், போகட்டும் என்று காத்திருந்தார். யாரும் பேசவில்லை. இதற்குள் நகையை வைத்து இந்தக் கடையைத் திறந்துவிட்டார். தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். வரி அப்படியே இருக்கும். பக்கத்தின் அடியில், எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் கறுப்புப் பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. பொய் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழேயே டிக் போட்டுவிட்டு, எத்தனையோ வீட்டுப் பெண்களின் பெயரும் முகூர்த்த நாளும் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“பதினோரு மாசங்க” என்கிறார். “ஒருத்தர்... ஒரே ஒருத்தர்கூட... படிக்கல. எனக்கு மொதலாளி மேல மட்டுமா கோவம்? படிக்க முடியாத மாதிரி எழுதறான் பாருங்க, அவன் மேல. படிக்காமயே கைய வெக்கறாங்க பாருங்க, அவங்க மேல. நானும் ஒரு நாலு வரி அழகா எழுதிக் குடுத்தேன் பாருங்க, என் மேல.”

போன மாதம் இணையதளத்தைப் புதுப்பிக்க வந்த ஜெயவேல்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தார். ஐந்து வரியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலம் மட்டும் இருக்கிறது. கமலக்கண்ணன் பஜாரில் இரண்டாவது கடையைத் திறந்திருக்கிறார். தெருவில் எதிரே வந்தால் உண்ணாமலையைப் பார்த்து, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்கிறாராம்.

அந்தப் பெண் எண்ணை மாற்றிவிட்டாள். புது எண்ணை உண்ணாமலைக்கும் கொடுத்திருக்கிறாள். அவளாகவே கொடுத்தாள் என்று உண்ணாமலை இரண்டு தடவை சொன்னார். பேச்சு வேகத்தில் அவளுடைய பெயரும், எந்த ஊர் என்பதும் அவர் வாயிலிருந்து வந்துவிட்டன. நான் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

அதைக் கவனித்த உண்ணாமலை என் நோட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தையும், கமலக்கண்ணன் பெயர் வந்த இடத்தையும் விரல் கடந்து போயிற்று. கடைசி வரியில் நின்றது. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவரே எடுத்தார். பெயரையும் ஊரையும், ஓர் எழுத்தின் வளைவுகூடத் தெரியாதபடி, கறுப்பாக அடித்தார். பிறகு தாளைப் புரட்டி, அடுத்த வெள்ளைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பேனா அழுத்திய தடம் அங்கே இலேசாகப் பதிந்திருந்தது. அதன் மேலும் அடிக்க ஆரம்பித்தார்.