லீ ஆற்றங்கரையில் ஏழு ஞாயிறுகள்

என் கணவர் மீன் பிடிக்கப் போகிறவர் என்பதைக் கலியாணம் பேசியவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. லண்டனில் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, குடியில்லை, சிகரெட் இல்லை என்று மட்டும் சொன்னார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் வந்து இறங்கி ஒரு கிழமை ஆகியிருக்கும். செவன் கிங்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தோம். சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் பொது. தயிர் எடுக்க பிறிட்ஜைத் திறந்து, ஓர் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மரத்தூளுக்குள் வெள்ளையும் சிவப்புமாக ஈப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அக்கா ஓடிவந்தார்.

"அது உம்மடை மனுசன்ரை. உந்தப் பெட்டியை வேறை எங்கையும் வையும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். கேக்கிறாரே?"

அன்று பின்னேரம் வேலையால் வந்தவரிடம் கேட்டேன். தூண்டிலில் கொளுவுகிற புழு, குளிரில் வைத்தால்தான் கூடு கட்டாமல் கிடக்கும் என்றார். பிடிக்கிற மீன் எங்கே என்று கேட்டேன். திருப்பி ஆற்றில் விட்டுவிடுவதாம்.

"அப்ப ஏன் பிடிக்கிறியள்?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றார்.

அகதியாக வந்த புதிதில் ஐந்து ஆண்களோடு ஓர் அறையில் படுத்தவர் அவர். பெற்றோல் ஸ்ரேசனில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஒருநாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பெடியன் அதோடு விட்டுவிட்டான். இவர் விடவில்லை. அதுவும் குளிர்காலத்தில்தான் விருப்பமாகப் போவார், கரையில் சனம் இருக்காது என்று.

எங்கள் முதல் பிள்ளை ஒரு டிசம்பர் மாதத்தில், வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போது இறந்துவிட்டது. ஒருநாள் காலை அசைவு குறைந்தது போல இருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத் துடிப்பு இல்லை என்று சொல்லி, மருந்து கொடுத்து, அடுத்த நாள் பிறக்க வைத்தார்கள். ஆம்பிளைப் பிள்ளை. நேர்ஸ் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, பார்க்கப் போகிறாயா என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் இரண்டாம் தரமும் மெதுவாகக் கேட்டாள். நான் திரும்பவில்லை. என் கணவர் அவளோடு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தபோது அவருடைய முகமும் சேட்டின் கழுத்தும் நனைந்திருந்தன. முகம் கழுவியதாகச் சொன்னார்.

பதிவு, அடக்கம் எல்லாவற்றையும் அவரே பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரரே சின்னப் பிள்ளைகளுக்கான ஓர் இடத்தில் புதைக்க ஒழுங்கு செய்தார்கள். எனக்கு எழும்பி நிற்க முடியாமல் இருந்தது. அவர் ஒரு நண்பரோடு போய்வந்து, "எல்லாம் முடிஞ்சுது" என்றார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் மார்பில் பால் கட்டியது. வீட்டுக்கார அக்கா ஒரு பழைய சீலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டார். சனம் வந்து போனது. ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போ, மனம் ஆறும் என்று யாரோ சொல்ல, போனோம். கையில் தந்த திருநீற்றைப் பூசாமல் அப்படியே பொத்திக்கொண்டு வீடு வரைக்கும் வந்திருக்கிறேன். ஒருநாள் அடுப்பில் இருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கி இறக்கினேன். சுட்டதை, பின்னேரம் கொப்புளம் வந்த பிறகுதான் கண்டேன். நான் அழவில்லை. எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். அழுதால் நல்லது என்று எனக்கும் தெரியும். வரவில்லை.

அவர் இரண்டு கிழமை வீட்டில் நின்றார். பிறகு வேலைக்கும், ஞாயிறுகளில் ஆற்றுக்கும் போகத் தொடங்கினார். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு, புழுப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார்.

"இஞ்சேரும், நீரும் வாறீரோ?"

மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு பலம் வேண்டும். அவருடைய காற்சட்டை ஒன்றை என் காற்சட்டைக்கு மேலே போட்டு, மூன்று சோடி சொக்ஸ் மாட்டி, அவருடைய பழைய வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

டொட்டன்ஹாமுக்கு அப்பால், லீ ஆற்றைக் கால்வாயாக வெட்டி நேராக்கியிருக்கிற இடம் அது. ஒரு பக்கம் நீர்த்தேக்கத்தின் உயரமான புல்லணை. மற்றப் பக்கம் சாமான் அடுக்கிவைக்கும் தகரக் கொட்டகைகள். மேலே மின்கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. கரை ஓரத்தில் தண்ணீர் மெல்லிய ஏடாக உறைந்திருந்தது. அவர் ஒரு பெரிய பச்சைக் குடையைச் சரித்து நட்டு, அதன் கீழே எனக்கு ஒரு மடக்குக் கதிரை வைத்தார். கதிரை புதிது. விலைச்சீட்டுக் கூடக் கிழிக்கவில்லை.

மிதவை குச்சி போல மெல்லியது, நுனி மட்டும் செம்மஞ்சள். அதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்தோம். தூண்டில் தடியின் வளையங்களில் தண்ணீர் உறைந்து நூல் ஓடாமல் நின்றது. அவர் அடிக்கடி தடியை ஆற்றில் தோய்த்து அந்தப் பனியைக் கரைத்தார்.

"குளிருதோ?"

"தெரியேல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. அன்று ஒரு மீனும் படவில்லை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் படுத்தோம்.

இரண்டாம் ஞாயிறு றோச் என்கிற மீன் இரண்டு பட்டன. உள்ளங்கை நீளம், வெள்ளிச் செதில், சிவப்புக் கண். ஒன்றைப் பிடித்துப் பார்க்கும்படி என்னிடம் நீட்டினார். நான் கையுறையைக் கழற்றினேன்.

"கையை முதல் நனையும். காய்ஞ்ச கையாலை பிடிச்சால் அதின்ரை மேலிலை இருக்கிற வழுவழுப்புப் போயிடும். பிறகு வருத்தம் வந்து செத்திடும்."

கையை ஆற்றுக்குள் வைத்தேன். முழங்கை வரை நொந்தது. மீன் என் கையில் ஒருதரம் துள்ளிவிட்டு, பிறகு செவுள் மட்டும் திறந்து மூட அப்படியே கிடந்தது. தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தினேன். போய்விட்டது. கை விறைத்து வெகுநேரம் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. அவர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி, நான் குடிக்கும் வரை தானே பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இருபது அடி தள்ளி ஒரு வெள்ளைக்காரர் வழக்கமாக இருப்பார். ஐம்பது வயது இருக்கலாம். கூரை ஓடு மாற்றுகிறவர், பனிக்காலத்தில் ஓடு வழுக்கும் என்பதால் வேலை குறைவு என்று என் கணவர் சொல்லியிருந்தார். இருவரும் தலையசைப்பார்கள். எப்போதாவது ஒரு கைப்பிடி புழு மாற்றிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் கதைத்து நான் பார்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு என் கணவர் எதையோ எடுக்கக் காருக்குப் போன நேரம், அந்தக் கூரைக்காரர் எழுந்து என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் ஆங்கிலம் அப்போது கடைக்குப் போய்வரத்தான் காணும். "மிகவும் வருந்துகிறேன்" என்று அவர் சொன்னது விளங்கியது. அடுத்து ஒரு சொல் சொன்னார். விளங்கவில்லை. ஏதோ மீனின் பெயராக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் திரும்பவும் ஆறுதலாகச் சொன்னார்.

"உங்கள் மகன். உங்கள் கணவர் அவனுடைய பெயரைச் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்றும் சொன்னார். நல்ல பெயர்."

பிறகு அந்தச் சொல்லை மூன்றாம் தரம் சொன்னார். அப்போதுதான் அது ஒரு தமிழ்ப் பெயர் என்று பிடிபட்டது. அந்தப் பெயரை நான் அதற்கு முன் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. "தாங்யூ" என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

என் கணவர் வந்து உட்கார்ந்து, தூண்டிலில் புது இரையைக் கொளுவி எறிந்தார். மிதவை நிமிர்ந்து நின்ற பிறகு கேட்டேன்.

"அந்த மனுசனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் திரும்பவில்லை. மிதவையைப் பார்த்தபடியே சொன்னார். "பதியப் போன இடத்திலை கேட்டவை, பெயர் வைக்கிறீங்களோ எண்டு. வைக்காட்டில் அந்த இடத்திலை கோடு கீறி விடலாமாம். எனக்குக் கோடு கீறச் சொல்ல வாய் வரேல்லை. அந்த நேரம் மனதிலை வந்ததைச் சொன்னனான்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"நீர் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனீர்."

"வெள்ளைக்காரனுக்குச் சொல்ல ஏலும். எனக்குச் சொல்ல ஏலாது, என்ன?"

"அவர் கேட்டவர்."

"என்னத்தைக் கேட்டவர்?"

"ரண்டு கிழமையாக் காணேல்லை, சுகமில்லையோ எண்டு. என்னை வேறை ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் உம்மைத்தான் கேட்டவை." குரலில் கோபமில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். "நான் சொன்னன். சொல்லேக்கை பெயரும் வந்திட்டுது."

அந்த நேரம் பார்த்து மிதவை கீழே போனது. அவருடைய கை தன்பாட்டில் தடியை உயர்த்தியது. சின்ன றோச் ஒன்று. ஆற்றில் கையை நனைத்து, ஊசியைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் விட்டார். வேறு புழு கொளுவி எறிந்தார். நானும் அதெல்லாம் முடியும் வரை காத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

"ஆரை மாதிரி இருந்தவன்?" என்று கேட்டேன்.

"மூக்கு உம்மடை. தலைமயிர் நிறைய இருந்தது, கறுகறுவெண்டு. ஒரு காது மடிஞ்சு கிடந்தது. நான் விரலாலை நிமித்தி விட்டனான். திரும்ப மடிஞ்சிட்டுது."

"எந்தக் காது?"

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இடது."

"கை?"

"கையைத் துணியோடை சேத்துச் சுத்தியிருந்தவை. நான் அவிழ்க்கேல்லை."

"அவிழ்த்துப் பாத்திருக்கலாம்."

"ஓம்" என்றார். "பாத்திருக்கலாம்."

அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் அங்கே இருந்தோம். காலில் விரல்கள் இருக்கிற உணர்வே இல்லை. அவர் குடையை மடக்க, நான் கதிரையை மடக்கினேன். கூரைக்காரருக்குத் தலையசைத்துவிட்டுப் போனோம்.

கார் ஹீற்றர் சூடாக அரைவாசி வழி பிடிக்கும். ஒரு சிக்னலில் நின்றபோது என் கை உயர்ந்து அவருடைய தோளில் அடித்தது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தேன். தடித்த கோட்டின் மேல் விழுந்த அடி சத்தமே போடவில்லை. அவர் தடுக்கவில்லை. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்திட்டுது. கொஞ்சம் பொறும், காரை எடுக்கிறன்" என்றார்.

காரை எடுத்து அடுத்த தெருவில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதற்குள் எனக்கு அடிக்கிற எண்ணம் போய்விட்டது. "வீட்டை போவம்" என்றேன்.

மற்ற நாலு ஞாயிறும் நான் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்தாலும் இருக்கிறதுதான், அங்கே இருந்தாலும் இருக்கிறதுதான். அந்தக் கதையை நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு பனி கொட்டி ஆறு முழுக்க மூடிக் கிடந்தது. காரிலேயே இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். கடைசிக்கு முதல் ஞாயிறு அவர் பிடிக்கத் தந்த தடியில் எனக்கு ஒரு பெரிய மீன் பட்டது. பிறீம் என்றார்கள், தட்டையாகச் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தது. கூரைக்காரர் வலையோடு ஓடிவந்து ஏந்தினார். இரண்டு ஆண்களும் என்னை விடச் சந்தோசப்பட்டார்கள். மார்ச் நடுப்பகுதியில் மீன் முட்டை போடும் காலத்துக்காகத் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுவார்கள். கடைசி ஞாயிறு கூரைக்காரர் எங்கள் இருவருக்கும் கை தந்து, ஜூனில் பார்ப்போம் என்றார்.

ஏப்ரலில் ஒருநாள் புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கல் ஒன்றும் கிடையாது. புல் முளைத்துவிட்டது. அவருக்கு இந்த இடமா, அடுத்த இடமா என்று நிச்சயமில்லை. அடக்கத்தன்று மழை, குனிந்தபடி நின்றேன் என்றார். புல் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டோம். வரிசையை மட்டும் காட்டினார். இரண்டு இடத்துக்கும் நடுவில் நின்றோம். நான் கொண்டுபோன பூவை இரண்டாகப் பிரித்து வைத்தேன். கால் நோகத் தொடங்கியதும் வந்துவிட்டோம்.

அடுத்த குளிர்காலம் நான் ஆற்றுக்குப் போகவில்லை. அவர் போனார். மகள் வயிற்றில் இருந்தாள். அவள் நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்து ஐந்து மாதம் இருக்கும்போது ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் செல் குண்டு விழுந்து கூரை போய்விட்டது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று அப்பா எழுதியிருந்தார். சமையலறையில் நின்று வாசித்தேன். வாசித்து முடிக்கும்போது அழத் தொடங்கியிருந்தேன். அப்படியே தரையில் இருந்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. வீட்டுக்கார அக்கா குந்தியிருந்து என் முதுகைத் தடவினார்.

"கூரை தானே பிள்ளை. ஆக்கள் தப்பினமெல்லே. போட்டுக் கட்டலாம், அழாதையும்."

என் கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். கடிதத்தை அவர் எடுக்கவில்லை.

"அக்கா, அவவை விடுங்கோ" என்றார். "அழட்டும்."